மூலையில் இரண்டு கறுப்புக் கோடு

உங்கள் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். இன்று காலைத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது. இறந்தவரின் பயண ஆவணம் அரசாங்கத்தின் உடைமை, உடனே ஒப்படைக்கவும் என்று நான்கே வரி. கடைசியில் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ஒரு ஒட்டு. படித்த ஆத்திரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அலமாரியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். நீல அட்டை, மூலையில் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடு. உள்ளே உங்கள் படம். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம். தெருநாயைப் பார்த்தால்கூடச் சிரிக்கிற மனுஷன் அதில் கடன்காரனைக் கண்டவர் மாதிரி விறைத்துப்போய் இருக்கிறீர்கள். பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது.

தரமாட்டேன். இந்த நாட்டு மொழி எனக்குத் தெரிந்த அரைகுறையில் அப்படியே பதில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். “ஏன் வீண் சண்டை? குடுத்துவிடும்.” ஆயுசு முழுக்க உங்களுக்கு அந்த ஒரு பாட்டுத்தான்.

அகதிகளுக்குத் தருகிற இந்தப் பயணப் புத்தகம் கைக்கு வந்த நாளில் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்! குடியுரிமை வர இன்னும் காலம் ஆகும், அதுவரை இதை வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம், ஓடிவந்த நாட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்று வக்கீல் சொன்னாராம். ஓடிவந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. உங்கள் அம்மா இருந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் தெருவில். “அப்ப அம்மாட்டைப் போகலாம்” என்று பனியில் நனைந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வீடு முழுக்க நடந்தீர்கள். எனக்கும் அன்று நம்பிக்கை இருந்தது, பைத்தியக்காரி.

நீங்களும் உங்கள் அம்மாவும் படகில் வந்து வேதாரண்யம் கரையில் இறங்கியபோது நம்மூர் மேடைகளில் என்ன பேச்சு, என்ன கண்ணீர்! தொப்புள்கொடி உறவு என்று இரண்டு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றி ஒலிபெருக்கியில் அழுதார்கள். நம் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கிய உள்ளூர்ப் பிரமுகரை மறந்துவிட்டீர்களா? மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பாடு ஆறுகிற வரைக்கும் தொப்புள்கொடியைப் பற்றிப் பேசினார். பிறகு காற்று மாறியது. சிலோன்காரர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று போலீஸ் விசாரித்துக்கொண்டு வந்தபோது, “எனக்கு அவங்களைப் பழக்கமே இல்லீங்களே” என்று அதே வாயால் சொன்னார். நாம் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். நான் மண்வாரித் தூற்றப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

வீடு கொடுக்க ஆளில்லாத அந்த நேரத்தில் எங்கப்பாதான் உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு இடத்தின் அருமை தெரியும். பண்ணை வேலைக்காரர். எங்கள் குடிசை நின்ற இடம் பண்ணைக்குச் சொந்தம். கூலி நெல்லில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டுக் கொடி பிடித்த வருஷம், இடத்தைக் காலி பண்ணு என்று ஆள் விட்டார்கள். கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நல்ல மழையில் வாய்க்கால் கரையில் பானை சட்டியோடு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எத்தனையோ மறியலுக்கும் ஜெயிலுக்கும் பிறகுதான் மனைப்பட்டா என்று ஒரு துண்டு நிலம் வந்தது. அதில் பாதியில் உங்கள் அம்மாவுக்கு ஓர் அறை போட்டார். தெருவில் ஒன்றிரண்டு பேர் வாயை மென்றபோது, “எனக்காவது சங்கம் இருந்துச்சு, கேட்டு வாங்குனேன். இந்தம்மாவுக்கு யாருடா இருக்கா கேட்டு வாங்க?” என்று ஒரு போடு போட்டார்.

நீங்கள் ஏஜெண்டைப் பிடித்து இந்தப் பனி நாட்டுக்கு வந்ததும், பிறகு நான் வந்து சேர்ந்ததும் பெரிய கதை. அம்மாவை அழைத்துக்கொள்ள நாம் போட்ட மனுவை முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டார்கள். மனைவி குடும்பமாம், தாய் குடும்பம் இல்லையாம். பெற்றவளைக் குடும்பத்தில் சேர்க்காத சட்டத்தை எந்த மடையன் எழுதினான் என்று நான் கத்தினேன். “மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்” என்றீர்கள்.

அம்மா படுத்துவிட்டார் என்று அப்பா போனில் சொன்னபோது அந்த நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விசாவுக்காக இந்தியத் தூதரகத்துக்கு ஓடினீர்கள். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. எனக்கு இந்திய பாஸ்போர்ட். நான் முன்னால் போகிறேன் என்றபோது, “சேர்ந்தே போவம். அம்மா எங்கள் ரெண்டு பேரையும் ஒண்டாப் பாக்கோணும்” என்றீர்கள். ஒருவழியாக விசா குத்திக் கொடுத்தார்கள். விமானக் கம்பெனிக்காரி அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி. நீங்கள் அவளைப் பார்த்தும் ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள்.

நம்மூர் விமான நிலையத்தில் போய் இறங்கிய பிறகு நடந்ததை நீங்கள் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. நான் சொல்கிறேன். எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி பேசியது நம் பக்கத்துத் தமிழ். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். புத்தகத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். “இவரை விட முடியாதும்மா.”

“விசா இருக்குல்ல சார்? நீங்க குடுத்ததுதானே?”

“இருக்கு. இருந்தாலும் விட முடியாது.”

“ஏன் சார்?”

“மேலேருந்து சொல்லிருக்காங்க.”

“மேலன்னா எந்த மாடி சார்? சொல்லுங்க, ஏறிப் போயிக் கேக்குறேன்.”

“சத்தம் போடாதீங்கம்மா. நீங்க இந்தியன். நீங்க போலாம். இவரு வந்த பிளேன்லயே திரும்பட்டும்.”

“தாயி சாகக் கெடக்குது சார். ஒரு தடவை மூஞ்சியக் காட்டிட்டு வந்துடுவாரு. போலீசை வேணா கூட அனுப்புங்க.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க” என்றார். அவர் தாய்க்கும் ஒருநாள் வரும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நீங்களோ என் பக்கம் திரும்பி, “இஞ்ச பாரும், நீர் போம். நானில்லாட்டி நீராவது பக்கத்திலை இரும்” என்றீர்கள். பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். அந்த ஆள் புத்தகத்தை மூடி உங்களிடம் நீட்டினார். நீங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நன்றி ஐயா” என்றீர்கள். நன்றி! எதற்கு நன்றி? பெற்ற தாயைப் பார்க்கவிடாமல் திருப்பி அனுப்புகிறவனுக்கு நன்றியா? அந்த ஒரு வார்த்தைக்காக உங்களோடு நான் வருஷக்கணக்கில் சண்டை போட்டேன். “அவையள் தங்கடை வேலையைச் செய்யினம்” என்பீர்கள். அப்படிப்பட்ட வேலைக்குப் போகாமல் மாடு மேய்க்கலாமே.

தெருவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அத்தைக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வாசலில் கூட்டம். “மண்ணாசை போல இருக்கு, மண்ணக் கரைச்சு ஊத்துங்க, போயிடும்” என்று ஒரு சித்தப்பா சொன்னார்.

எங்கள் தெருவில் முன்பு அந்த வழக்கமே கிடையாது. உயிர் பிரியாமல் கிடப்பவர் வாயில் அவருடைய சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து விடுவது நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டு வழக்கம். பிடி மண் சொந்தமில்லாதவனுக்கு எதைக் கரைப்பது? மனைப்பட்டா வந்த பிறகுதான் நாங்களும் மண்ணாசைப்பட்டுச் சாக ஆரம்பித்தோம். ஆனால் அத்தைக்கு எந்த மண்? அதற்கு ஒரு வாக்குவாதம். அவங்க ஊர் மண்ணுக்குக் கடல் தாண்டிப் போகணுமே என்றார் ஒருவர். வந்து எறங்குன எடம் வேதாரண்யம், அங்கேருந்து கொண்டாரச் சொல்லுங்க என்றார் இன்னொருவர். அப்பா அறைக்கு வெளியே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக்கொண்டு வந்தார். “இதுவும் அவங்க மண்ணுதான்” என்றார்.

நான்தான் கரைத்துப் பாலாடையால் வாயில் விட்டேன். அத்தை அதைத் துப்பிவிட்டார். என் சேலையெல்லாம் சேறு. கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தார்.

“எனக்கேன் மண்? அவன் எங்கை, பிள்ளை?”

கூடியிருந்தவர்கள் எனக்குக் கண் காட்டினார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பொய் வரவில்லை. “வந்தாரு அத்தை. பிளேன விட்டு எறங்குனாரு. விடமாட்டேன்னுட்டாங்க” என்றேன்.

“ஏன்?”

“தெரியல அத்தை. காரணமே சொல்லல.”

சுருங்கிக் கிடந்த அந்த உடம்புக்கு எங்கிருந்து அவ்வளவு தெம்பு வந்ததோ, முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். வாசல்வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டார். “என்ரை பிள்ளையை மறிக்க அவங்கள் ஆர்?”

திரும்பவும் அதையே கேட்டார். பிறகு பேசவில்லை. விடிகிற நேரத்தில் போய்விட்டார். பிள்ளை இல்லாமல் கொள்ளி யார் வைப்பது என்று எடுப்புக்கு முன்னால் யாரோ ஆரம்பித்தபோது அப்பா சீறினார். “பிள்ளை இல்லேன்னு எவனும் சொல்லாதீங்கடா. இருக்கான். விடல.” அப்புறம் அவரே கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் இந்தப் பனி நாட்டில் இறங்கி, தெருமுனைக் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை கேட்டதையும் அவர் கேட்ட மாதிரியே சொன்னேன். “அம்மா அப்பிடித்தான் கேப்பா” என்றீர்கள். அழுதீர்களா சிரித்தீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் குடியுரிமை வந்தது. சாவகாசமாக வந்தது. அலுவலகத்துப் பெண் கை குலுக்கி, இனிமேல் கவலையில்லாமல் பயணம் போகலாம் என்றாள். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். பிறகு புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடவும் இல்லை, ஒரு விமானத்தில்கூட ஏறவும் இல்லை. கூப்பிட்டபோதெல்லாம், “இனி ஆரைப் பாக்கிறதுக்கு?” என்றீர்கள். அந்த மேஜைக்காரன் ஒரு மரணத்தோடு நிறுத்தவில்லை. உங்கள் காலையும் ஒடித்துப் போட்டான். அவனை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். என்னால் ஆகாது.

போன தை மாதம் உங்கள் அஸ்தியை எடுத்துக்கொண்டு போனேன். அதே விமான நிலையம்தான். இப்போது மேஜைக்குப் பின்னால் வேறொரு ஆள், மீசை சரியாக முளைக்காத வயசு. கைப்பையைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டான். “எங்க வீட்டுக்காரரு” என்று சொல்லி இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். பார்த்தான். அவன் குரல் தணிந்துவிட்டது. “சரிங்கம்மா, போங்க” என்று என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினான். உங்களுக்கு விசா கேட்கவில்லை. மேலே யாரையும் கேட்கவில்லை.

நான் நகரவில்லை. “தம்பி, இவரு உசுரோட வந்தப்ப விடல. இப்ப சாம்பலா வந்திருக்காரு, விடுறீங்க. என் புள்ளைய மறிக்க அவங்க யாருன்னு கேட்டுட்டுத்தான் எங்க அத்தை செத்தாங்க. யாருப்பா நீங்கள்லாம்?”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றான். “எனக்குத் தெரியலம்மா” என்றான்.

பாவம், சின்னப் பையன், அவனைப் போய்க் கேட்டீரே என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். உங்களை நம்மூர்க் காவிரியில் கரைத்துவிட்டேன். அத்தையின் கேள்வியைக் கரைக்கவில்லை. அது என் வாயிலேயே இருக்கிறது. அந்த மேஜையைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.