ஜன்னல் பாட்டில் அப்பாவின் பங்கு

ஜூன் 3

அன்புள்ள சில்லு,

மருத்துவமனை வராந்தாவில், காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "வாத்தியார் மாமா, அந்த ரெக்கார்டுல எது அப்பா எழுதினது, எது நீங்க எழுதினது?" நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் உன்னைக் கூப்பிட்டுவிட்டாள். நீ திரும்பி வருவதற்குள் என் பஸ் வந்துவிட்டது. அதனால் பதில் தபாலில் வருகிறது.

அந்த ராக் ரெக்கார்டு வெளிவந்தபோது எல்லாப் பாட்டுக்கும் கீழே எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டோம். இப்போது கம்பெனி அதை மறுபடி வெளியிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகப் பெயர் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு அந்தப் பத்திரிகைக்காரர் வேறு இரண்டு பத்தி போட்டு, மென்மையெல்லாம் வாத்தியார், முரட்டுத்தனமெல்லாம் உன் அப்பா கம்பி என்று பங்கு பிரித்துவிட்டார். நீயும் அதைப் படித்திருப்பாய்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு பேர் ஒரு பீரோவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மேலே வைத்த பிறகு, எந்தப் பாதியை யார் தூக்கினார் என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கள் பாட்டும் அப்படித்தான்.

நேற்று உன் அப்பாவைப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இனித் திரும்பாது என்கிறார் டாக்டர். சவரம் செய்ய யாரும் வருவதில்லை, நானே செய்துவிட்டேன். "அசையாதடா கம்பி, காதை எடுத்துடுவேன்" என்றேன். முறைத்தான். முறைப்பு மட்டும் பழையபடியே இருக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது.

அன்புடன்,
உன் வாத்தியார் மாமா

ஜூன் 9

வாத்தியார் மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பீரோவும் வந்து சேர்ந்தது. தூக்கினவர்களுக்கு எந்தப் பக்கம் கனம் என்று நன்றாகவே தெரியும் மாமா. நான் பல் செட் செய்கிறவள். எங்கள் கூடத்தில் மூன்று பேர் வேலை செய்கிறோம். ஒரு செட்டைக் கையில் வாங்கினதுமே மெழுகு வார்த்தது யார், பல் வைத்தது யார் என்று சொல்லிவிடுவேன். உங்களுக்குத் தெரியும். சொல்ல மனசில்லை, அவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். மாத முடிவுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஒன்று என் வீடு, இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கிற பராமரிப்பு இல்லம். இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். நீளமான ஒரு கூடம், வரிசையாகக் கட்டில்கள், எல்லாருக்கும் ஒரே டிவி. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லார் முகமும் அந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. என் ஹாலில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. பாதி நேரம் வேலைக்கு வந்தால் போதும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். முடியாத காரியம் இல்லை.

ஆனால் யாரைக் கூட்டிக்கொண்டு வருவது? என் கல்யாணம் முறிந்து பெட்டியோடு வந்து நின்றேனே, அன்றைக்குக் கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். "ரிகர்சல் இருக்கு" என்றார். கதவைச் சாத்திவிட்டார். அவரையா?

நான் அழும்போதெல்லாம் அம்மா சொன்ன ஒரே சமாதானம் ஜன்னல் பாட்டு. சின்னப் பெண் ஒருத்தி நாற்காலி மேல் ஏறி நின்று, ஜன்னல் வழியாக அப்பாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பாட்டு. "உனக்காகத்தான்டி எழுதினார். அவருக்கு வாயில வராது, பாட்டுல வந்திருக்கு பார்" என்பாள். சாகிறவரை அதையேதான் சொன்னாள். அதை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் அவரை மன்னித்தேன். இப்போது அது உங்கள் பாட்டு என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது.

அப்பா எழுதினது என்றால் சொல்லுங்கள். அதை எழுதின மனுஷன் அந்த உடம்புக்குள் எங்கேயோ இருக்கிறான் என்று அவருக்கு ஊட்டிவிடுவேன், துடைத்துவிடுவேன், பீத்துணி துவைப்பேன். இல்லையென்றால் என்னால் முடியாது. உதாரணம் வேண்டாம் மாமா. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

சில்லு

ஜூன் 15

அன்புள்ள சில்லு,

இல்லை.

வார்த்தை என்னுடையது. மெட்டும் என்னுடையது. நீ கேட்டபடி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பொய் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். 'ஆமா' என்று எழுதினால் கம்பிக்கு ஒரு வீடு கிடைக்கும். என்னால் அவனை வைத்துக்கொள்ள வழியில்லை. இங்கே ஏற்கெனவே உன் அத்தை படுத்த படுக்கையாக இருக்கிறாள். அதனால் ஆசை வந்தது உண்மை. ஆனால் அந்தப் பொய்யை நீயல்லவா தினமும் காலையில் எழுந்து குளிப்பாட்ட வேண்டியிருக்கும்?

அம்மா சொன்னதில் பாதி சரி. அந்தப் பெண் நீதான். நாங்கள் ஊர் ஊராக வாசிக்கப் போய்க்கொண்டிருந்த சமயம். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேன் உங்கள் வீட்டு வாசலில் நின்றது. அவன் கிட்டார் பெட்டியோடு வந்து பின்பக்கம் ஏறி, தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டான். நான் முன் இருக்கையில் இருந்தேன். நீ நாற்காலியில் ஏறி, கண்ணாடியில் மூச்சு விட்டு, அந்த ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேன் திரும்புகிறவரை கையாட்டினாய். நானும் ஆட்டினேன். அடுத்த ஊர் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

இனி அவன் பங்கு. எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒருவன் எழுதிக் கொண்டுவந்ததில் மற்றவன் ஒரே ஒரு இடத்தை வெட்டலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதினவன் கேட்கவும் கூடாது. ஆனால் வெட்டினவனே அந்த இடத்தை வாசித்து நிரப்பவேண்டும். கட்டுரையில் சிவப்பு மை போடுகிற வாத்தியாரே அந்தப் பத்தியைத் திரும்ப எழுதித் தரவேண்டும் என்று வைத்துக்கொள். (மன்னித்துக்கொள், உதாரணம் வந்துவிட்டது.)

ஜன்னல் பாட்டின் கடைசிச் சரணத்தில் அப்பா திரும்பி வருவார். கதவு திறக்கும். உன் அப்பா அதைத்தான் வெட்டினான். எத்தனையோ வெட்டியிருக்கிறான். அந்த ஒரு தடவை மட்டும் நான் கேட்காமலே காரணம் சொன்னான்.

"அவன் வரமாட்டான்டா வாத்தியாரே. வர்ற மாதிரி எழுதாதே. அந்தக் கொழந்தை நம்பிடும்."

பிறகு கிட்டாரை எடுத்தான். வார்த்தை நின்ற இடத்திலிருந்து பாட்டு முடிகிறவரை அவன் மட்டும்தான். ரெக்கார்டு வாங்கினவர்களில் பாதிப் பேர் அந்த முடிவுக்காகவே வாங்கினார்கள்.

அவனுக்காக வாதாட இதை எழுதவில்லை. நீ கேட்டாய், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ என்ன முடிவு எடுத்தாலும் உனக்கு நான் மார்க் போடப்போவதில்லை.

உன் வாத்தியார் மாமா

ஜூன் 29

மாமா,

நேற்று அப்பாவை இல்லத்தில் சேர்த்துவிட்டேன். சுவர் ஓரமாக ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். போர்வை, தட்டு, ரேசர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, அவரிடம் நானே சொன்னேன். "அப்பா, நீங்க என் வீட்டுக்கு வரலை." கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் இல்லை, எனக்குத் தெரியும். வீட்டிலும் பேச்சு வேண்டாமென்றால் அப்படித்தான் மூடிக்கொள்வார்.

நீங்கள் சொல்கிற அந்த கிட்டாரை நான் கேட்டதே இல்லை. வீட்டில் ரெக்கார்டு போடுவது அம்மாதான். வார்த்தை முடிந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் வைத்துவிடுவாள். அதோடு பாட்டு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். பெரியவளான பிறகு அதற்கப்புறம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் பழக்கம். அந்த இடம் வந்தால் நானும் நிறுத்திவிடுவேன். கடையில் அந்தப் பாட்டு ஓடினால் வாங்க வந்ததை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

குழந்தை நம்பிவிடும் என்று அவர் வெட்டினாராம். வெட்டின பிறகும் நம்பிவிட்டது மாமா. அம்மா அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அவள் மேல் கோபப்படவும் இப்போது ஆள் இல்லை.

இன்னொன்று. அந்த வேன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு கை ஆடினது. இத்தனை வருஷமும் அது அப்பா கை என்று வைத்திருந்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னீர்கள். ஆனால் இனி எனக்கு எழுதவேண்டாம். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அந்தக் கைதான் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் நண்பரின் மகள்

செப்டம்பர் 11

அன்புள்ள சில்லு,

எழுதவேண்டாம் என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. இது ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

போன வாரம் உன் அப்பா இறந்துவிட்டான். இல்லத்திலிருந்து கூப்பிட்டபோது நீ "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைசிக் காரியத்தை நானும் நம் டிரம்ஸ்காரனும் பார்த்துக்கொண்டோம். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. இல்லத்துத் தோட்டக்காரர் வந்து ஒரு கை கொடுத்தார். நீ வராததைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் என்னிடம் அனுப்பு. ஒரு பீரியட் முழுக்க வகுப்பெடுத்து அனுப்புகிறேன்.

அவன் உயிரோடு இருந்தபோதே, நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். திட்ட நினைத்தானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது நான் சேர்க்கிற இன்னொரு சரணமாகிவிடும்.

கம்பெனிக்கு இப்படிக் கொடுத்தேன்: வார்த்தையும் மெட்டும் வாத்தியார், முடிவு கம்பி. "முடிவுன்னு தனியா யாரும் போடறதில்லையே சார்" என்றான் அங்கே இருந்தவன். "இந்தப் பாட்டுக்குப் போடுங்க" என்றேன். போட்டுவிட்டார்கள். புது ரெக்கார்டு ஒன்றை இதோடு அனுப்புகிறேன்.

அந்த கிட்டாரில் அன்பு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். வரமாட்டேன் என்று தெரிந்த ஒருவன் வாசிப்பதுதான் எனக்குக் கேட்கிறது. கதவு திறக்காது. அது நிச்சயம். ஆனால் அவன் உன்னை நினைத்து உண்மையாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஊரே கேட்டுவிட்டது. நீ மட்டும் கேட்கவில்லை.

வேலை இல்லாத ஒரு பகலில் ஜன்னல் பாட்டைப் போடு. வார்த்தை முடிந்ததும் ஊசியைத் தூக்காமல் விட்டுப் பார்.

உன் வாத்தியார் மாமா