பதினோராம் நாள் நீ சொன்ன பெயர்

பேத்தி கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியும் என் விரலில் அந்த வாடை போகவில்லை. பச்சை இலையைக் கசக்கினால் வருமே, அந்தக் கசப்பு வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. பிழை சொல்லவும் இந்த வீட்டில் ஆள் இல்லை.

நீ பார்க்காத பெண் அவள். காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு செடியைக் காயவைத்துச் சாறு இறக்கி, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் ஈரல் புற்றுநோய் அணுக்கள் மேல் விட்டுப் பார்க்கிறார்களாம். ஆன்டி ஆக்சிடன்ட் என்று ஏதோ சொன்னாள். அப்படின்னா இன்னாடி என்றேன்.

"இரும்புல துரு ஏறுற மாதிரி உடம்புக்குள்ளயும் ஒண்ணு நடக்குது பாட்டி. அதைத் தடுக்குற சத்து இதுல இருக்கு."

பையிலிருந்து செடியை எடுத்து என் கையில் வைத்து, இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் வரிசையாகக் கடுகு போலக் காய்கள். எனக்குக் காட்டவே வேண்டியதில்லை.

துரு என்றதும் நீதான் வந்தாய். துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு சுரண்டும் வேலை உனக்கு. புருவத்தில்கூடச் செம்பொடியோடு வருவாய். குளிக்காமல் படுத்தால் தலையணையில் உன் முகம் பதிந்துவிடும். அதற்கு எத்தனை சண்டை.

அந்த மழைக்காலத்தில் உன் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினேன். ஒருநாள் கூலி போய்விடும் என்று நீ அசையவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எர்ணாவூரில் காமாலைக்கு மருந்து சொல்லும் கிழவியிடம் போனேன். செடியைக் காட்டிவிட்டு, புருஷன் மேல் சத்தியம் வாங்கினாள்.

"பேர வெளிய சொன்னியோ, மருந்து பலிக்காது."

ரயில் பாதை ஓரம் பறித்து, கதவைச் சாத்திக்கொண்டு அம்மியில் அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கித் தருவேன். உப்பு இல்லை, புளி இல்லை, மீன் இல்லை. பக்கத்து வூட்டில் நெத்திலி வறுத்தால் நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய். குடிக்கும் முன் தினம் ஒரு பெயர் சொல்வாய். வேம்பா, எருக்கா, முருங்கையா. ஒருநாள், "கப்பல்ல சொரண்டுன துருவயே கரைச்சி குட்க்கிறியா மே?" என்றாய். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, தம்ளரைப் பிடித்தபடி சரியான பெயரைச் சொன்னாய்.

"இல்லய்யா, அது வேற" என்றேன்.

"சரி வுடு. தோத்துட்டேன்."

அதற்குப் பிறகு நீ கேட்கவேயில்லை.

வயிறு வீங்கிய பின் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஈரலில் கட்டி என்றார் டாக்டர். என்ன நாட்டு மருந்து கொடுத்தாய் என்று மூன்று தரம் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. உன் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சொன்னால் மருந்து செத்துப்போகும் என்ற பயம் எனக்கு. மருந்து தொடங்கிய பதினேழாம் நாள் நீ செத்துப்போனாய்.

சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவில் உன் அக்கா சொன்னாள்: "வெசத்த குட்த்தவ எப்டி பேரு சொல்லுவா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சத்தியத்துக்கு இனி வேலையில்லை. வீம்பு, சொல்லவில்லை. அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவள் செத்தபோதும் தெருமுனையோடு நின்றேன்.

இன்று பேத்தியிடம் கேட்டேன், அன்றைக்கு டாக்டரிடம் சொல்லியிருந்தால் உன் தாத்தா பிழைத்திருப்பாரா என்று.

"தெரியாது பாட்டி. தட்டுல நடக்குறது மனுஷங்க உடம்புல நடக்கும்னு யாரும் சொல்ல முடியாது. அந்தச் செடி காப்பாத்தியிருக்கும்னும் சொல்ல மாட்டேன், கெடுத்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர் கேட்டப்ப நீ சொல்லியிருக்கணும்."

ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. பேச்சோடு பேச்சாக அந்தப் பெயரை எத்தனை தரம் சொன்னாள். வாசற்படியில் செருப்பு மாட்டும்போதுகூடச் சத்தமாகச் சொன்னாள். தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

எனக்கு மட்டும் இன்னும் வாயில் வரவில்லை. கை எழுதும். நீ தோற்கவில்லை. அது கீழாநெல்லிதான்.