பூவரசந்தூணுக்கு வைத்த பொட்டு

என் அருமை அய்யா,

திரியை நன்றாக இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. உங்களுக்கு எழுதுவதைப் பார்த்தால் அம்மா அழுவாள்.

விடிந்தால் பெரியப்பா ரம்பத்தோடு வருகிறார். நடுவீட்டில் துளிர்த்து நிற்கிறதே உங்கள் பூவரசந்தூண், அதை அறுக்கத்தான்.

நான்கு பச்சைக் கம்புகளை ஊன்றித்தானே இந்தக் கூரையைப் போட்டீர்கள்? மூன்று காய்ந்து வெறும் மரமாக நின்றன. ஒன்று வேர்விட்டது. கூரையைப் பிரித்து அதன் கிளைக்கு வழி விட்டீர்கள். "கொடிக்கால்ல வெத்தலைக் கொடிய அகத்தி தாங்குதில்ல, ஆத்தா? அது மாதிரி இது நம்மளத் தாங்கட்டும்" என்று சிரித்தீர்கள்.

காய்ச்சலில் நீங்கள் போனதும் பேச்சு மாறிவிட்டது. "வீட்டுக்குள்ள மரம் வளத்தான், அது அவனையே முழுங்கிருச்சு" என்றார் பெரியப்பா. அம்மாவும் தலையாட்டிவிட்டாள்.

நேற்றுக் கூட்டும்போது மற்றத் தூண்களைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றிலும் கறையான். விரல் உள்ளே போகிறது, அய்யா! உத்தரம் முழுக்கப் பூவரசின் மேல்தான் நிற்கிறது. அதை அறுத்தால் கூரை எங்கள் தலையில்தான் விழும்.

கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்த பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டெழுத்துப் படிச்சதும் கொத்தனாரு ஆயிட்டியோ, கழுதை? இன்னொரு பேச்சுப் பேசுன, பள்ளிக்கூடம் நின்னு போகும்."

"பெரியவுக சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

அதனால் இன்று ராத்திரி ஒன்று செய்தேன். நீங்கள் போன பிறகு அம்மா திறக்காத குங்குமச் சிமிழை எடுத்தேன். தூணுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்த மரத்தில் இங்கே யார் ரம்பம் வைப்பார்கள்? ஆனால் இல்லாத சாமியை இருப்பதாகக் காட்டுவது தப்பில்லையா?

"என்னடி பண்ற அங்கன?"

அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஆடிக் காற்றில் கூரை படபடத்தது, உத்தரம் முனகியது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள். வெகுநேரம்.

"கீழ வச்சா கோழி கொத்திரும். கொஞ்சம் மேல வையி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்னும் அவள் தூங்கவில்லை.

பொட்டைப் பார்த்ததும் பெரியப்பாவின் கை நிற்கும். எவ்வளவு நேரம் நிற்குமோ தெரியாது. அதற்குள் அவர் விரலைப் பிடித்துக் கறையான் தின்ற தூணுக்குள் அழுத்திக் காட்டிவிடுவேன். பள்ளிக்கூடம் நின்றாலும் நிற்கட்டும். இது உங்கள்மேல் சத்தியம், அய்யா.

உங்கள் தூணில் சாய்ந்தபடி,
மூத்த மகள் மூக்கம்மாள்