காருக்குப் பின்னால் நின்றவருக்கு

அன்புள்ள கோயமுத்தூரம்மா,

இன்று காலை நல்ல மழை. காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து உங்கள் நீலகிரித் தைல வாசனை மெல்ல எழுந்தது. கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு, அதை இருக்கையிலேயே மறந்துவிட்டுப் போவீர்களே, இருக்கை உறை அத்தனையையும் குடித்து வைத்திருக்கிறது. இரண்டு முறை துவைத்தாயிற்று. வெயில் நாளில் ஒன்றும் தெரிவதில்லை. கண்ணாடியை ஏற்றினால் வந்துவிடுகிறது. "வந்தாச்சா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அடுத்த வண்டியில் இருந்த ரிக்‌ஷாக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை நாம் நடக்கப் போகும் கார்டனில் நடந்ததை உங்களிடம் சொல்லாதவரை எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ் எழுத்து வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் பார்த்து வந்ததுதான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்குப் புதிதாகக் காரணமா வேண்டும்?

நம் முதல் சந்திப்பே சண்டைதான். அந்தக் கார்டனுக்குள் ஒரே ஒரு தார்ச்சாலை. நம் கேம்ப் பகுதிப் பக்கத்து கேட்டில் நுழைந்தால் ஏரவாடா பக்கத்து கேட்டில் வெளியே போகலாம். நடப்பவர், ஓடுபவர், சைக்கிள், கார், நாயைக் கூட்டி வருபவர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். நான் மூட்டுவலிக்காரி. நடப்பதற்குக்கூடக் காரில் வருபவள். அதுவும் கணவர் இருந்தவரை தொடவே விடாத ஸ்டியரிங்கை, அவர் போனபிறகு ஐம்பத்திரண்டு வயதில் பிடித்தவள். அந்தத் திமிரோடு உள்ளே நுழைந்து ஹாரன் அடித்தேன். சாலை நடுவில் நீங்கள் மருதமலைக்குப் படியேறுகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தீர்கள். மராத்தியில் கத்தினேன், இந்தியில் கத்தினேன். கடைசியில், "செவிட்டுப் பொம்பள போலிருக்கு" என்று தமிழில் முணுமுணுத்தேன். உடனே திரும்பினீர்கள்.

"காது நல்லாவே கேக்குதுங்க. தமிழா நீங்க?"

"கேக்குதுன்னா ஒதுங்க வேண்டியதுதானே?"

"நான் நடக்கறனுங்க. உங்களுக்குத்தான் பிரேக் இருக்குது. தடம் பொதுவுங்க, அவசரந்தான் அவங்கவங்களுது."

ஏறுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டேன். நீங்களும் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். கார் கார்டனுக்குள் வரவே கூடாது என்று, காருக்குள் உட்கார்ந்தபடியே வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு டிரைவரம்மா.

மகனுடைய ஐ.டி. வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து பெயர்ந்து வந்தவர் நீங்கள். வீட்டுக்கு வெளியே உங்கள் தமிழுக்கு ஆள் கிடையாது. ஆகவே இந்த ஊரில் உங்கள் வாய் நான்தான். கொத்தமல்லி வாங்கவும், வாட்ச்மேனிடம் நலம் விசாரிக்கவும், வாக்கர்ஸ் சங்கச் செயலாளரிடம் குறை சொல்லவும் "சொல்லுங்க" என்று என் முழங்கையைத் தட்டுவீர்கள். நீங்கள் பத்து வரி பேசினால் நான் இரண்டு வரியாக்கி விடுவேன். "நான் அத்தன நேரம் பேசினனுங்களே, அவ்வளவுதானா?" என்று சந்தேகத்தோடு பார்ப்பீர்கள்.

ஏழு மணிக்கு ஏரவாடாவின் ஏழைச் சந்துகளிலிருந்து பெண்கள் சைக்கிளில் வருவார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் சமைக்க, பாத்திரம் தேய்க்க. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் மங்கலாவை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மணி உடைந்த சைக்கிள் அவளுடையது. அதனால் வாயாலேயே "பாஜூ, மாவ்ஷி" என்று பாடிக்கொண்டு வருவாள், ஒதுங்குங்கள் சித்தி என்று. என் ஹாரனுக்கு அசையாத நீங்கள் அவள் குரலுக்கு ஓரமாக நகர்ந்து, "பாத்துப் போ அம்மிணி" என்பீர்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. இருவரும் தினமும் சொல்லிக்கொள்வீர்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். போன வருட மழைக்காலம். நடந்து முடித்து, கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நான் வண்டியை எடுத்தேன். நீங்கள் பின்னால் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்திருந்தது கண்ணாடியில் தெரியவில்லை என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். முந்தின நாள் பெங்களூரிலிருந்து என் மகன் போனில் சொன்னது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு கீறல் விழுந்தாக்கூட காரை வித்துருவேன் மம்மி." அதற்கு நல்லதாக ஒரு பதிலை யோசித்துக்கொண்டே ரிவர்ஸ் போட்டேன். லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இறங்கி ஓடி வந்தால், நீங்கள் தரையில். இடது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் வந்து சேர்ந்தவள் மங்கலா. சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு உங்கள் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். எதிரே சிரிப்பு கிளப்பில் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: விழுந்து கிடக்கும் வயதான அம்மாள், பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சைக்கிள், ஏரவாடாவிலிருந்து வந்த ஒரு பெண். என் கார் தினமும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. அதை யாரும் பார்க்கக்கூட இல்லை. செயலாளர் மங்கலாவைக் கண்டபடி திட்ட ஆரம்பித்தார்.

வலியில் உங்கள் உதடு வெளுத்துவிட்டது. என் காரைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னை. என் மகனின் மிரட்டலை நான் நூறு தடவை உங்களிடம் புலம்பியிருக்கிறேன்.

"அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணலீன்னு சொல்லுங்க. நானா உழுந்துட்டேன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். யார் முகத்தையும் பார்க்காமல், "தானாக விழுந்ததாகச் சொல்கிறார்" என்று மராத்தியில் ஒரு வரி. "பெரிய மனசு. அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறார்" என்றார் செயலாளர். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தத் தெரிந்த வாய் இது. மங்கலா சைக்கிளை நிமிர்த்தி, உருண்டு போன சாப்பாட்டு டப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள்.

ஒரு வாரத்தில் இரண்டு கேட்டிலும் சைக்கிள் நுழைய முடியாதபடி இரும்புக் குழாய்களை நட்டார்கள். கார் வருகிற பெரிய கதவுக்கு மட்டும் ஒரு வாட்ச்மேன், வணக்கம் சொல்லித் திறந்துவிட. தலைக்கவசமும் இறுக்கமான உடையும் போட்டு வரும் சைக்கிள்காரர்கள் வேறு ஏதோ மலைக்குப் போய்விட்டார்கள். மங்கலாவும் மற்ற பெண்களும் கார்டனுக்கு வெளியே பாலத்துச் சாலையில், டிப்பர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

உங்கள் மாவுக்கட்டைப் பிரித்த அன்று காரில் கேட்டீர்கள்.

"அந்தப் புள்ளைக இப்ப எந்தத் தடத்துல போறாங்க?"

"ரோட்டோட சுத்திப் போறாளுக. என்ன செய்ய."

"லாரி வர்ற ரோடுங்களா?"

"ம்."

மெலிந்த மணிக்கட்டை நீவிவிட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "சொல்லிப்போடலாமுங்க."

"சொல்லலாம். சங்க மீட்டிங் வரட்டும்."

"நீங்கதானுங்க சொல்லோணும். நான் சொன்னா காட்டிக் குடுத்தாப்பல ஆயிரும்."

இரண்டு மீட்டிங் வந்தது. முதல் தடவை எனக்குக் காய்ச்சல், நானே வரவழைத்துக்கொண்டது. இரண்டாவது தடவை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன். நீங்கள் என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. மறுநாள் எனக்கு உங்கள் ஊர்ப் பலகாரம் கச்சாயம் சுட்டு எடுத்து வந்தீர்கள். நீங்கள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிசம்பர் குளிரில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், வீடு திரும்பவில்லை.

போன சனிக்கிழமை மறுபடி மீட்டிங். குழாய் போதாது, ஏரவாடா பக்கத்து கேட்டைச் சுவர் எழுப்பியே மூடிவிடலாம் என்பது பேச்சு. கூடவே, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கல் பெஞ்ச். செயலாளர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்: "சைக்கிள் மோதிக் கையொடிந்த நம் தென்னிந்தியச் சகோதரியின் நினைவாக." உங்கள் பெயரை இந்தப் பொய்யோடு சேர்த்துக் கல்லில் வெட்டப் போகிறார்கள். எழுந்து நின்றேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மூட்டுவலி என்று நினைத்திருப்பார்கள்.

"அவரைத் தள்ளியது சைக்கிள் இல்லை. என் கார். நான் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தேன். அந்தப் பெண் தூக்கிவிட வந்தவள்."

சிரிப்பு கிளப் தலைவர் எழுந்து, "ரிவர்ஸில் எல்லாருக்கும் நடப்பதுதான் மேடம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று ஆறுதல் சொன்னாரே பார்க்க வேண்டும். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, என் மேலும் சேர்த்துத்தான். "தப்புச் செய்த காருக்கு அரை நிமிடத்தில் மன்னிப்பு. ஒன்றும் செய்யாத சைக்கிளுக்கு ஒரு வருடத் தண்டனையா?" என்று கேட்டேன். இந்தத் தடவை நன்றாகவே கத்தினேன்.

செயலாளரைக் குறை சொல்லக்கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டோம். கடைசியில், கார்கள் கேட்டுக்கு வெளியே. நடக்கவே முடியாதவர்களைக் கூட்டி வரும் வண்டி மட்டும், வாட்ச்மேன் முன்னால் நடக்க, அவர் வேகத்தில் உள்ளே வரலாம். குழாய்களை எடுத்துவிடுவது. காலை ஒன்பது வரை சாலையில் ஒரு பக்கம் சைக்கிள், மறுபக்கம் நடப்பவர்கள், நடுவில் வெள்ளைக் கோடு. மரத்தடி வளைவில் எதிரே வருபவர் தெரியாது என்பதால் அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிப் போவது. சுவரும் வேண்டாம், பெஞ்சுக் கல்லில் அந்தப் பொய்யும் வேண்டாம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள்.

மகனிடம் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். முதலில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னான். காட்டினேன், ஓட்டலாமாம். வண்டிக்குப் பின்னால் கேமரா பொருத்தச் சொல்லியிருக்கிறான். இப்போது கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே உள்ளே நடக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். நேற்றுக் காலை மங்கலா வந்தாள். வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவளை நான் வழிமறித்தேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும் மாவ்ஷி. நான் பின்னால்தானே வந்துகொண்டிருந்தேன். கார் இடித்ததைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நான் சொன்னால் யார் நம்புவார்கள்?" என்றாள், சாதாரணமாக. பிறகு, "உங்கள் தோழி என் வீட்டுக்கு வந்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் இல்லாமல் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்காதவர், கையில் மாவுக்கட்டோடு ரிக்‌ஷா பிடித்து, ஏரவாடாவின் சந்து சந்தாக "மங்கலா, சைக்கிள் மங்கலா" என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறீர்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறீர்கள். ஒற்றைக் கையால் ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி காட்டி, இடித்தது கார்தான் என்று உங்கள் நெஞ்சைத் தொட்டு, அவளைப் பார்த்து இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த மேடம் ஏன் பேசவில்லை என்று அவள் கேட்டாளாம். அது எப்படியோ உங்களுக்குப் புரிந்திருக்கிறது. "வோ போலேகி" என்றீர்களாம். அவங்க சொல்லுவாங்க. எப்போது என்று அவள் கேட்டாளாம். வாசலில் செருப்பை மாட்டும்போது மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனீர்களாம்.

அதற்குப் பிறகும் நாலு மாதம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தீர்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒவ்வொரு நாளும் சொல்லாமல் தள்ளிப்போட்டதைப் பார்த்துக்கொண்டே, பேரனின் பரீட்சையைப் பற்றியும் ரசப்பொடியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தீர்கள். கேட்க நீங்கள் இருக்கும்போது நான் சொல்லவில்லையே, அந்த வருத்தம் எனக்குச் சாகும்வரை போகாது. அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் ஒன்று. என் பயத்தை அருகிலிருந்து பார்த்த ஒரே மனுஷி நீங்கள். அப்படிப்பட்டவர், பாஷை தெரியாத ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, எனக்கு ஜாமீன் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு வருடம் கழித்தாவது அந்த ஜாமீனைக் காப்பாற்றிவிட்டேன் அம்மா. இனி எங்கே வாயை மூடிக்கொண்டு உட்காரத் தோன்றினாலும், நான் பேசுவேன் என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்தது என்னை எழுப்பி நிறுத்திவிடும்.