மர இருக்கை – ஒன்று

சாந்தியாகோ தெ கூபா, 3 மார்ச் 1997

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அலமாரியின் முதுகில் தட்டுவதென்று இன்று காலை முடிவெடுத்தேன். பதினோரு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. நிறைவேற்றம் நாளைக்கு. 

அலமாரிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நெரெய்தா, முன்னாள் மனைவி. விவாகரத்தை இருபது நிமிடத்தில் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டை இந்த ஊரில் யாரும் கொடுப்பதில்லை. ஆகவே எல்லைக்கு ஓர் அலமாரி. சமையலறை அவளுக்கு, ஜன்னல் எனக்கு.

எல்லாம் ஃபெர்மினால் வந்தது. எழுபத்தாறு வயது, மூன்று ஜோடித் தந்திக் கித்தாரில் அவருக்கு இணை இல்லை. பழைய சோன் ஆட்டப் பாட்டுகளை எழுபது வருடத்துக்கு முன் வாசித்த மாதிரியே இசைத்தட்டாக்க ஸ்பெயினிலிருந்து ஹோர்தி என்பவர் வந்திருக்கிறார். நாற்பது வருடம் கல்யாணங்களிலும் ஹோட்டலிலும் ஆளுயர டபுள் பேஸ் வாசித்தவன் நான். எந்த இசைத்தட்டு உறையிலும் என் பெயர் வந்ததில்லை. இதில் வரும் என்றிருந்தேன்.

நேற்று ஃபெர்மின் சொன்னார்: “யோவ் இஹினியோ, அந்தக் காலத்துல டபுள் பேஸ் ஏதுய்யா? மரிம்புலாதான். உங்க அப்பாகிட்ட ஒண்ணு இருந்துச்சே?”

இருந்தது. மரப்பெட்டி, முகப்பில் வரிசையாக இரும்புப் பட்டைகள். மேலே உட்கார்ந்து கால்களுக்கு நடுவே விரலால் மீட்ட வேண்டும். இன்றும் இருக்கிறது. 1986-இல் நானே என் கையால் எழுதிய பாகப்பிரிவினைப் பட்டியலில்: “டபுள் பேஸ் – இஹினியோ. மர இருக்கை, ஒன்று – நெரெய்தா.”

4 மார்ச்

தட்டினேன்.

“யாரு?” என்றாள். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

“அப்பாவோட மரிம்புலா வேணும். ரெண்டு வாரத்துக்கு.”

“என்கிட்ட அப்படி எதுவும் இல்லையே. இருக்கைதான் இருக்கு. நீதான் எழுதிக் கொடுத்தே, கையெழுத்தோட.”

“நெரெய்தா…”

“இருக்கை எங்க போகுதோ அங்க நானும் வருவேன். உன்னை நம்பித் தனியா அனுப்ப முடியாது, கிழவா.”

பேச்சுவார்த்தை இத்துடன் முடிந்தது. எல்லா நிபந்தனைகளையும் ஏற்றேன்.

7 மார்ச்

ஒத்திகை. ஃபெர்மின்: “உன் கை ரொம்பப் பேசுதுய்யா.”

10 மார்ச்

வீட்டில் வாசித்துப் பழக நான்தான் எல்லை தாண்டிச் சமையலறைக்குப் போகவேண்டியிருக்கிறது. அவளுடைய ஒரே இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பதால் நெரெய்தா நின்றபடி அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

“ஏன் அதை அப்படிச் சொறியுறே? ஆடுறவன் கால் வைக்க இடம் விடு.”

அரிசி பொறுக்குபவளிடம் சங்கீத அபிப்பிராயம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

14 மார்ச்

முதல் நாள் பதிவு. ஜன்னலே இல்லாத அறை. ஹோர்தி என் வாசிப்பை “ரொம்ப நல்லா இருக்கு” என்றார். காபியையும் அப்படித்தான் சொன்னார். ஃபெர்மின் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. கும்மிருட்டு. காற்று வாங்கலாம் என்று எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போனேன். காலையிலிருந்து நின்றிருந்த நெரெய்தா தன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள் போலும். ஒரு சத்தம் எழுந்தது. மூன்று மீட்டல், ஓர் இடைவெளி, பிறகு ஆழத்திலிருந்து ஒன்று.

எனக்குத் தெரிந்த சத்தம். பதினொரு வருடம் அலமாரி வழியாக, தினமும் அரிசி பொறுக்கும் நேரத்தில் கேட்டது. தண்ணீர்க் குழாய் அதிர்கிறது என்று தெருக் குழுவுக்கு மனுவே எழுதியிருக்கிறேன்.

ஃபெர்மினின் கித்தார் அதோடு சேர்ந்துகொண்டது. முடியும்வரை யாரும் இருமவில்லை.

“இதுதான்! இதுதான் வேணும்!” என்றார் ஹோர்தி. “யார் அது? இஹினியோவா?”

இருட்டு. ஆமாம் என்றால் போதும். யார் மறுக்கப் போகிறார்கள்? அவள்? மாட்டாள். அதுதானே தொல்லை – அவள் மறுக்கவே மாட்டாள். டேய் இஹினியோ, அறுபத்து மூணு வயசுல ஒரு அட்டையில பேர் வரணும்னு இதுவும் செய்வியாடா நீ?

“நான் இல்ல. இருக்கைக்குச் சொந்தக்காரங்க,” என்றேன்.

“இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தே?” – ஃபெர்மின்.

“அலமாரிக்குப் பின்னாடி,” என்றாள் நெரெய்தா.

16 மார்ச்

இரண்டு நாளில் ஒன்பது பாட்டு. அவள் வாசித்தாள். வெங்காயம் விற்பவர் பதிவு நேரத்தில் கூவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, தெருமுனையில், என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே ஒரு முறைதான் கூவினார்.

17 மார்ச்

பேஸைத் துடைத்து உறை போட்டேன்.

2 ஆகஸ்ட்

இசைத்தட்டு வந்தது. மரிம்புலா: நெரெய்தா கஸ்தெயானோஸ். உறைக்குள் இருந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், “இருக்கை தந்து உதவிய இஹினியோவுக்கு நன்றி.”

தகவல் பிழை. இருக்கை என்னுடையதல்ல. முறைப்படி அலமாரியில் தட்டி, திருத்தம் கேட்கலாம் என்றேன்.

“இருக்கட்டும், விடு,” என்றாள்.

9 செப்டம்பர்

குழுவினர், நெரெய்தாவும் அவள் இருக்கையும் உட்பட, ஐந்து வாரக் கச்சேரிகளுக்காக ஸ்பெயினுக்குப் புறப்பட்டார்கள். சமையலறைச் சாவியை நெரெய்தா அலமாரி மேல், என் பக்கத்து ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மதியம் அரிசியில் கல் பொறுக்கினேன். சமையலறையில் உட்கார எதுவும் இல்லாததால், நின்றபடி.