கடைசிப் பாட்டின் இரண்டாவது குரல்

இன்று காலை புதிதாகப் பாட வந்த பெண் ஹெட்ஃபோனை மாட்டிய வேகத்தில் கழற்றினாள். "அக்கா, இதுல நீலகிரித் தைலம் வாசம் அடிக்குதுங்க" என்றாள். நான் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நீ போன பிறகு அதற்குப் பஞ்சு உறை மாற்றியாகிவிட்டது, வயரும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வாசம் இருந்தது. பாடுவதற்கு முன் தொண்டையிலும் காதோரத்திலும் தேய்த்துக்கொள்வாயே, அதே வாசம். அவளுக்கு வேறொன்றைக் கொடுத்துப் பாட வைத்தேன். அவள் கிளம்பிப் போனதும் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

கணபதி ஏரியாவில், இரும்பு கடையும் லேத் பட்டறைக்கு மேலே நான் பாட்டுப் பதிவு ஸ்டுடியோ போட்டதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீதான் சிரிக்காமல் சூலூரிலிருந்து கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். கீழே லேத் ஓடும் இரைச்சலில் இங்கே மைக்கைத் திறக்க முடியாது. பட்டறைக்காரர்கள் சாப்பிட உட்காரும் மதிய நேரம்தான் நமக்கு. அவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால்தான் நீ வாயைத் திறக்க முடியும் என்று கிண்டல் செய்வேன். "சோத்து நேரத்துப் பாட்டுன்னே பேர் வெச்சுப்போடலாம் புள்ள" என்பாய்.

ஆனால் ஆல்பத்துக்கு நீ வைத்த பேர் 'பொழுதோட வந்தர்றேன்'. அதை வெளியிட ஒப்புக்கொண்ட சென்னைக் கம்பெனிக்காரர் போனில் கேட்டார், "பொழுதோடன்னா என்ன?" "சாயங்காலம்ங்க" என்றாய். "அப்போ சாயங்காலம்னே வெச்சிடலாமே?" "எங்கூட்டுல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்களேங்க" என்று சிரித்த முகமாகவே மறுத்துவிட்டாய். உன் பிடிவாதத்தில்கூட ஒரு 'ங்க' இருக்கும்.

ஒவ்வொரு பாட்டையும் நீ இரண்டு முறை பாடுவாய். முதல் முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து. இரண்டாவது முறை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தணிவாக. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் குரலுக்கு ஒரு கனம் வரும். பாப் பாட்டில் பலரும் செய்வதுதான். ஆனால் திரும்பி நின்று பாடும் பழக்கத்தை உன்னிடம் மட்டும்தான் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "மொதல்ல பாடறது ஊருக்கு. அப்பறம் பாடறது எனக்கு" என்றாய். உன் முதுகைப் பார்த்தபடி அந்த இரண்டாவது குரலைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாடுவது நீதான் என்று தெரிந்தும் சிலிர்க்கும்.

கடைசிப் பாட்டை ஒரு முறைதான் பாடினாய். நீ சுவர் பக்கம் திரும்புவதற்குள் கீழே லேத் ஓட ஆரம்பித்துவிட்டது. "திங்கக்கெழம வாரேன் புள்ள, இன்னொருக்கா பாடிக்கலாம்" என்று சொல்லிப் படியிறங்கினாய். திங்கட்கிழமை உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை.

துக்கம் விசாரிக்கக் கூப்பிட்ட கம்பெனிக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். உன் பழைய பாட்டுகளைக் கொடுத்து ஏஐ மெஷினைப் பழக்கி, விட்டுப்போன இரண்டாவது குரலைச் செய்துகொள்ளலாமா என்று. உன் அம்மாவிடம் கேட்டேன். "அவ பாடாததைப் பாடுனான்னு சொல்ல வேண்டாம் கண்ணு" என்றார். என் மனதிலும் அதுதான் இருந்தது. கம்பெனியும் சரி என்றது. கடைசிப் பாட்டு ஒற்றைக் குரலோடு வெளிவந்தது.

நீ இருந்தவரை உன் பாட்டைக் கேட்டவர்களில் பாதிப்பேர், "இது எந்தப் படத்துல வருதுங்க?" என்று கேட்டவர்கள். இப்போது பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதினார்கள். திருப்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் உன் குரலைக் கேட்டு நான் அழுதேன். அந்தச் சமயத்தில்தான் ஒருவர் எழுதியது கண்ணில் பட்டது. கடைசிப் பாட்டில் இரண்டாவது குரல் அரை மூச்சு பிந்தி வருகிறது, யாரோ பின்னாலேயே நடந்து வருவதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தார். சரியாகக் கேட்காமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் பல்லடத்திலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர் என்று வரிசையாக அதையே சொன்னார்கள். இடது காதில் வருகிறதாம். நானும் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஏதோ சேர்த்துவிட்டார்கள் என்று கம்பெனியோடு சண்டை பிடித்தேன். அவர்கள் வெளியிட்ட ஃபைலையே அனுப்பிவைத்தார்கள். நான் கொடுத்ததுதான், ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு வசவு தொடங்கியது. செத்தவள் குரலை மெஷினில் செய்து விற்கிறார்கள் என்றார்கள். முதல் நாள் பாராட்டியவர்களே, ஆல்பம் மொத்தமும் பொய் என்றார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் உன் சொந்தக்காரர் ஒருவர் உன் அம்மாவிடம், "பொண்ணு கொரலை வித்துப்போட்டீங்களாமா?" என்று கேட்டிருக்கிறார். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார் உன் அம்மா. அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உனக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது நீ பாடியது மட்டும்தான். அதையும் பொய் என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

உன் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அந்தக் கடைசிப் பாட்டை மைக்கில் விழுந்தபடியே வெளியிட்டேன். தொடக்கத்தில் உன் இருமல், நடுவில் கம்பியில் விரல் வழுக்கும் சத்தம், முடிவில் கீழே லேத் ஓடத் தொடங்குவது, எல்லாம் அப்படியே இருந்தது. ஒரே மைக், ஒரே ஆள். இதைக் கேட்ட பிறகு யாரும் மெஷின் என்று சொல்லவில்லை. சிலர் மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். ஆனால் கூடவே வேறொன்றையும் எழுதினார்கள். அந்த இரண்டாவது குரல் இதிலும் இருக்கிறது, முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்று.

போன வாரம் உன் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். நீ போனதிலிருந்து உன் பாட்டைக் கேட்கத் தைரியமில்லாமல் இருந்தவர். "நானும் ஒருக்கா கேட்டர்றேன் கண்ணு" என்றார். நீ நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கடைசிப் பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. அவர் அழவில்லை.

"ரெண்டு பேரு பாடறாங்களே கண்ணு."

"எல்லாரும் அப்படித்தானுங்கம்மா சொல்றாங்க. அவளே ரெண்டாவதாப் பாடறாளாம்."

"என்ற பொண்ணு கொரல் எனக்குத் தெரியாதா? முன்னால பாடறவதான் அவ." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னால வர்றது உன்ற கொரலாட்டவே இருக்குது."

நான் எந்தக் காலத்தில் பாடினேன்? பள்ளிக்கூடப் பிரார்த்தனையில்கூட வாயை மட்டும் அசைத்தவள். நீ பாடிய அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும் கண்ணு, அவ தனியாப் பாடலைல்ல" என்றார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் மதியம் லேத் நின்றதும் அந்தப் பாட்டைப் போடுகிறேன். ஊருக்கெல்லாம் இரண்டு குரல் கேட்கிறது. எனக்கு உன் குரல் மட்டும்தான் கேட்கிறது.