யாரென்று கேட்காத நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் போன் மாதக்கணக்காக அணைந்தே கிடக்கிறது. உன் கூட்டாளியைப் பிடித்து உலுக்கியதில்தான் இந்த முகவரி விழுந்தது. அவன்மேல் கோபப்படாதே, பாவம். ஓட்டல் சமையலறையில் வேலை என்றான். வீட்டில் டம்ளரைக்கூடக் கழுவாதவன் நீ! அம்மாவிடம் சொன்னேன், சிரித்தாள், உடனே அழுதாள். உன் அத்தானும் நானும் நலம். என் மகள் வாலு எங்களைவிட நலம்.

அப்பாதான் நலமில்லை. பட்டறையில் லேத் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இதயத்தில் அடைப்பாம். பண்டிகை முடிந்த மறுவாரம் ஆபரேஷன். நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று தைரியம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து அப்பாவுடைய மாத்திரையை மட்டும் மூன்று தடவை எண்ணிப் பார்க்கிறேன்.

இதற்கு நடுவில் வாலுவின் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பண்டிகை வழக்கம் ஒன்று எப்படி வந்தது என்று விசாரித்து எழுத வேண்டும். நம் வீட்டில் வேறென்ன இருக்கிறது? பண்டிகையன்று கதவு தட்டினால் "யாரு?" என்று கேட்கக்கூடாது, திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்துவிட்டுத்தானே, கொசுவலை விற்க வந்த ஆளைப் பந்தியில் உட்காரவைத்தோம்! நீ சின்ன வயதில் பின்வாசல் வழியாக ஓடிப்போய்த் தட்டிக்கொண்டே இருப்பாய். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் வந்து திறப்பாள்.

அம்மாவைக் கேட்டால், அன்றைக்கு அதிர்ஷ்டம் வந்து தட்டுமாம், கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமாம். சித்தப்பாவோ, "நம்ம வம்சத்துக்கே காது மந்தம். கேட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். வாலு இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

போன வாரம் அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தோம். வாலு இதே கேள்வியோடு அவரையும் பிடித்துக்கொண்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். இளவட்டமாக இருந்தபோது அவருடைய அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாராம். நம் அப்பா! ஒரு பண்டிகையன்று மனசு கேட்காமல் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான்னு சொல்ல வாய் வரலம்மா. மகன்னு சொல்லிக்கலாமா கூடாதான்னே தெரியல" என்றார். பதில் சொல்லாமலே திரும்பி நடந்துவிட்டாராம். அவருடைய அம்மா கதவைத் திறந்தால் வாசலில் ஆளில்லை. தெருமுனையில் முதுகு மட்டும் தெரிந்திருக்கிறது. கையில் கரண்டியோடு, காலில் செருப்பில்லாமல் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்களாம். அன்று அந்த அம்மா போட்ட உத்தரவுதான் இது.

"உங்கப்பா திட்டினாரா, தாத்தா?" என்று கேட்டாள் வாலு. "இல்ல. சாப்பிடறப்ப கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் விட்டாரு" என்றார்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவர் என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் அவனுக்கு எழுதாத. ஆபரேஷன்னு பயந்துகிட்டு ஒண்ணும் வர வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி. அதனால் இந்தக் கடிதம் வந்ததாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று கேள். கையைத் தூக்கி எந்த வேலையும் செய்யக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். இவரோ நேற்று அரத்தை எடுத்துவந்து வாசல் கதவுத் தாழ்ப்பாளை ராவிக்கொண்டிருந்தார். பல வருடமாகச் சிக்கிக்கொள்கிற தாழ்ப்பாள்தான். அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சட்டுனு திறக்க வரணும்ல?" என்றார். எண்ணெயும் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அம்மா முன்னால் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். பட்டறைக்கு வரமாட்டேன் என்று நீ சண்டை போட்டுப் போன அந்த லேத்துப் பேச்சை யாரும் எடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வேலை உனக்கு. பண்டிகைக்கு ஒருநாள் லீவு கேள், தரமாட்டேன் என்றால் கெஞ்சிக் கேள்.

வேளைக்குச் சாப்பிடு, அடுப்படியில் கையைச் சுட்டுக்கொள்ளாதே, நீ நன்றாக இருக்க வேண்டும். அன்று கதவை அவர்தான் திறப்பாராம், எங்களிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டார். தட்டிவிட்டுத் திரும்பி நடந்துவிடாதே. எழுந்து வர அவருக்குக் கொஞ்சம் நேரமாகும்.

உன் அக்கா